என் வண்டிக்கு டொக்கண்ணன் கட்டிய படகு

இருபத்தோரு வருடமாக வண்டி ஓட்டுகிறேன். என் வண்டியில் ஒரு இடத்தில்கூடத் துரு கிடையாது.

இது பொய். கேபினை விட்டுவிட்டுத் துரு இல்லாத இடம் என்று தேடினால் நாலு டயரும் ஹாரன் சத்தமும்தான் தேறும். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் பேச்சில் முதல் வரி இப்படித்தான் இருக்கும். இரண்டாவது வரியிலிருந்து தாராளமாக நம்பலாம்.

இரண்டாவது வரி இதுதான். தகரத்தைத் தட்டிப் பார்த்தே அதன் வயசு என்ன, எந்த ஊர்க் காற்றுப் பட்டது, உள்ளுக்குள் என்ன வியாதி, இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லக்கூடிய ஆள் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்கிறார். காரைக்கால் பக்கம் கிளிஞ்சல்மேட்டுக்குள் நுழைகிற இடத்தில், படகுகளுக்கு ஃபைபர் ஒட்டுகிற கொட்டகைக்குப் பக்கத்தில், டிங்கர் பட்டறை வைத்திருக்கிறார். அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். எங்களுக்கு அவர் டொக்கண்ணன்.

இடுப்பில் எப்போதும் ஒரு குட்டிச் சுத்தியல் செருகியிருப்பார். எதைப் பார்த்தாலும் அதை எடுத்து 'டொக் டொக்' என்று ரெண்டு தட்டு. பிறகு தலையைச் சாய்த்துக் கேட்பார். டீக்கடைப் பாய்லரைத் தட்டுவார். பஸ்ஸில் ஏறினால் முதலில் படிக்கட்டைத் தட்டிவிட்டுத்தான் ஏறுவார். தர்பூசணிக்காரர் அவரைக் கண்டாலே தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். ஒருமுறை என் தலையிலும் வைத்தார். வலிக்கவில்லை, செல்லமாகத்தான்.

"என்னண்ணே சொல்லுது?" என்று கேட்டேன்.

"உள்ள ஒண்ணும் இல்லடா. ஆனா ஓடு நல்ல ஓடு."

அம்பகரத்தூரில் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பெண் வீட்டார் கொண்டுவந்து இறக்கிய சீர் வரிசையில் ஆளுயரப் பீரோ ஒன்று. மாப்பிள்ளையே பந்தலில் உட்காராமல் எழுந்து வந்து அதன் கண்ணாடியில் தலை வாரிக்கொண்டிருந்தார். டொக்கண்ணன் சும்மா இருப்பாரா? போய்த் தட்டினார். தலையைச் சாய்த்தார். முகம் மாறிவிட்டது.

"இருவது கேஜ்னு சொல்லி இருவத்திநாலு கேஜ் தள்ளிவிட்டிருக்கான்யா!"

கேஜ் நம்பர் ஏற ஏறத் தகரம் மெலிசு என்பது அங்கிருந்த பாதிப் பேருக்குத் தெரியாது. இருபதை விட இருபத்திநாலு அதிகம்தானே என்று மாப்பிள்ளை வீட்டார் கை தட்டினார்கள். அண்ணன் விடவில்லை. நடுப் பந்தலில் நின்று தகரத்துக்குப் பாடம் எடுத்தார். விஷயம் புரிந்ததும் கை தட்டியவர்களே சட்டைக் கையை மடித்தார்கள். மேளக்காரர்கள் மட்டும் நிம்மதியாகக் காப்பி குடித்தார்கள். கடைசியில் பெண்ணே எழுந்து வந்து, "பீரோ எனக்குத்தானே? நான் மெலிசான பொடவையா வச்சுக்கிறேன். தாலியக் கட்டச் சொல்லுங்க" என்று சொன்ன பிறகுதான் மேளம் மறுபடி கேட்டது. அன்றிலிருந்து டொக்கண்ணனை யாரும் கல்யாணத்துக்கு அழைப்பதில்லை. பீரோ வாங்கப் போகும்போது மட்டும் கையோடு கூட்டிப்போவார்கள்.

இனி என் வண்டிக்கு வருகிறேன்.

பழைய சரக்கு வண்டி. முன்னால் ரெண்டு பேர் உட்காரும் கேபின், பின்னால் மீன் பெட்டி அடுக்குகிற தொட்டி. கிளிஞ்சல்மேட்டில் விடியற்காலை மீன் ஏற்றி மார்க்கெட்டில் இறக்குவது என் வேலை. ஐஸ் உருகி, உப்புத் தண்ணீரோடு சேர்ந்து, வருடக்கணக்காகக் கேபினைத் தின்றுவிட்டது. டிரைவர் கதவு பிடிப்பை விட்டு வந்துவிட்டதால் வலைக் கயிற்றால் கட்டிவைத்து, நான் ஜன்னல் வழியாக ஏறி இறங்கிப் பழகிவிட்டேன். இடது பக்கம் தரையில் பெரிய ஓட்டை. தார் ரோடு கீழே ஓடுவது தெரியும்.

அந்த இடது பக்கம்தான் ராணி அக்காவின் இடம். மீன் ஏலம் எடுத்து மார்க்கெட்டுக்கு அனுப்புகிறவர். அவர் லோடுதான் என் வீட்டு அடுப்பு. காலைச் சீட்டுக்கு மேலே மடித்து வைத்துக்கொண்டுதான் வருவார். ஒரு நாள் பாலத்துக்கிட்டே திடீரென்று கத்தினார்.

"யோவ், நிறுத்துய்யா!"

"என்னக்கா?"

"எஞ் செருப்பு எறங்கிருச்சு."

"எங்கக்கா?"

"மார்க்கெட்டு வர்ற வரைக்கும் அதுக்குப் பொறுமை இல்லபோல. பாலத்துலயே எறங்கிருச்சு. போய் எடுத்துட்டு வா."

அந்தச் சமயம் பார்த்து எஃப்.சி. முடிகிற தேதி வந்தது. வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். ராணி அக்கா ஒற்றைச் செருப்போடு என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"தம்பி, எஃப்.சி. இல்லாத வண்டில எம் மீனு ஏறாது. வழில எவனாவது புடிச்சு ஓரங்கட்டுனா நீ பேசிக்கிட்டு நிப்ப. மீனு நிக்காது. எஃப்.சி. வாங்கிட்டு வா. இல்லன்னா நான் வேற வண்டி பாத்துக்குறேன், கோச்சுக்காத."

எனக்கு வண்டியை விட்டால் வேறு தொழில் தெரியாது. வண்டியும் முழுசாகத் தெரியாது. டொக்கண்ணனிடம் கொண்டுபோய் நிறுத்தினேன்.

அவர் ஒரு சாக்பீசை எடுத்துக் காதில் செருகிக்கொண்டு கேபின் முழுக்கத் தட்டினார். செத்த இடத்துக்குப் பெருக்கல் குறி, உயிருள்ள இடத்துக்கு வட்டம். முடித்தபோது கேபின் முழுக்கப் பெருக்கல்தான். வட்டம் ஒன்றே ஒன்று, அம்பகரத்தூர் அம்மன் படம் ஒட்டியிருந்த இடத்தில்.

"அம்மன் இருக்குற எடம் மட்டும் கெட்டியா நிக்குது பாரு."

என் மனைவி செல்வி கூட வந்திருந்தாள். "அப்பவே வண்டி பூரா ஒட்டியிருக்கலாம். இவரு ஒண்ணோட நிறுத்திட்டாரு. எதையாவது முழுசாச் செய்யுறாரா?" என்றாள்.

"அண்ணே, பழைய இரும்புக் கடையில நல்ல கேபினாப் பாத்து மாத்திருவோமே?" என்றேன்.

டொக்கண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "செத்தவன் சட்டையப் போட்டுக்குவியா நீ?"

"இல்லண்ணே."

"அப்ப ஒன் வண்டி மட்டும் போட்டுக்கணுமா? வேணாம்டா. நான் யோசிச்சு வச்சிருக்கேன். உப்புத் தண்ணி எதத் திங்காது?"

"எதண்ணே?"

அவர் பக்கத்துக் கொட்டகையைக் காட்டினார். அங்கே கவிழ்த்துப் போட்ட படகு ஒன்றின் மேல், பாய் மாதிரி இருக்கிற கண்ணாடி நாரை விரித்து ரெசின் என்கிற பசையை ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஃபைபர்! கடல்லயே கெடக்குது, துருப் புடிக்குதா? ஒன் கேபினு வெறும் மீன் தண்ணிக்குத் தாங்காதா?"

புத்தியுள்ளவன் அந்த இடத்திலேயே ஓடியிருப்பான். நான், "ஆமாண்ணே, எப்புடிண்ணே இதெல்லாம் ஒங்களுக்குத் தோணுது?" என்று கேட்டவன்.

பத்து நாள் வேலை நடந்தது. செத்த தகரத்தையெல்லாம் வெட்டி எறிந்தார். தரை, கதவு, பக்கச் சுவர் எல்லாம் ஃபைபர். படகுக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். படகுக்காரன் யோசனை என்றால் ஒன்றுதான்: தண்ணீர் உள்ளே வரக் கூடாது. கியர் கம்பி வருகிற ஓட்டையைச் சுற்றி ரப்பர் வைத்து அடைத்தார்கள். கதவைச் சுற்றி ரப்பர் ஒட்டினார்கள். எங்கே ஒரு ஊசி ஓட்டை இருந்தாலும் விரலால் ரெசினைத் தொட்டுப் பூசினார்கள். மிச்சம் கிடந்த படகு பெயின்ட்டை அடித்தார்கள். மேலே நீலம், கீழே சிவப்பு, நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. அந்தக் கோடு எதற்கு என்று கேட்டேன்.

"அதுவரைக்கும் முங்கலாம்" என்றார் ஒருவர்.

இடது ஜன்னலுக்குக் கண்ணாடி மட்டும் கிடைக்கவில்லை. எஃப்.சி. முடிந்து போட்டுக்கொள்ளலாம் என்று விட்டோம். எஃப்.சி.க்கு முந்தின நாள் பகல் முழுக்க அடை மழை. வண்டி போலகத்தில் என் வீட்டு வாசலில் நின்றது. நான் வீட்டுக்குள் இருந்தபடி, என் கேபின் ஒழுகாது என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்தேன்.

காலையில் பழக்க தோஷத்தில் ஜன்னல் வழியாக ஏறி உள்ளே காலை வைத்தேன். சளக். கணுக்காலுக்கு மேல் தண்ணீர். கண்ணாடி இல்லாத ஜன்னல் வழியாக வந்த மழைக்கு வெளியே போக வழியே இல்லை. நேரமாகிவிட்டது. பேன்ட்டை மடித்துவிட்டு, தண்ணீருக்குள் பெடலைத் தேடி மிதித்து வண்டியை எடுத்தேன். பிரேக் போட்டால் தண்ணீர் முன்னால் ஓடி வரும். வேகம் எடுத்தால் சீட்டுக்கு அடியில் போய் ஒளியும். வளைவில் என் மடிக்கே வந்துவிட்டது.

எஃப்.சி. நடக்கிற திடலில் டொக்கண்ணன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"அண்ணே, அழாதீங்க. கதவத் தொறந்து விட்டா ஓடிரும்."

"தொறக்காதடா! போலகத்துலேருந்து இதுவரைக்கும் ஒரு சொட்டு ஒழுகல. இத இன்ஸ்பெக்டர் சாரு ஒரு தடவ பாக்க வேணாமா?"

எனக்கும் சரியென்றுதான் பட்டது. என் தலையில் தட்டிப் பார்த்து அவர் சொன்னதை நினைத்துப்பார்த்து என்னை மன்னியுங்கள்.

பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். பளபளவென்று ஷூ. லைட்டைப் பார்த்தார், டயரைப் பார்த்தார், வெள்ளைக் கோட்டைப் பார்த்துக் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு நாங்கள் ஒன்றும் சொல்வதற்குள் இடது பக்கக் கதவை இழுத்துத் திறந்தார்.

மடை திறந்தது மாதிரி மொத்தத் தண்ணீரும் அவர் மேல் வந்தது. ஷூ முங்கியது. எந்தப் பெட்டியிலிருந்து எப்போது விழுந்து சீட்டு ஸ்பிரிங்கில் சிக்கிக் கிடந்ததோ, ஒரு மத்தி மீன் கடைசியாக வந்து அவர் ஷூ மேல் உட்கார்ந்தது. செத்த மீன்தான். ஆனாலும் தண்ணீரோடு வந்ததால் நீந்தி வந்தது மாதிரியே இருந்தது.

இன்ஸ்பெக்டர் குனிந்து மீனைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இது என்னய்யா?"

"மத்திங்க சார்."

"வண்டியக் கேட்டேன்!"

அதற்குள் டொக்கண்ணன் முன்னால் வந்துவிட்டார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"பாத்தீங்களா சார்? நீங்க தொறக்குற வரைக்கும் ஒரு சொட்டு ஒழுகல!"

இன்ஸ்பெக்டர் விரலை மடக்கிக் கதவைத் தட்டினார். தொப் தொப் என்றது. "இதக் கொண்டுபோய் மீன்பிடித் துறைமுகத்துல காட்டு. அங்க பாஸ் பண்ணுவாங்க. இங்க வேணும்னா தகரத்துல கேபின மாத்திட்டு வா. பத்து நாள் டயம். அதுக்கப்புறம் வண்டி ரோட்டுக்கு வந்துச்சுன்னா ஒன் மேலயும் கேசு, இந்தாளு மேலயும் கேசு."

அத்தோடு விட்டிருக்கலாம். டொக்கண்ணன் இன்ஸ்பெக்டர் ஜீப்பின் மட்கார்டைத் தட்டித் தலையைச் சாய்த்து, "சார், இது இந்த மழைக்குத் தாங்காது" என்றார். நான் அவரை இழுத்துக்கொண்டு வந்தேன்.

திரும்பி வரும்போது டீக்கடையில் நிறுத்தினேன். அவர் பாய்லரைத் தட்டவில்லை. டீக்கடைக்காரர் பயந்துபோய், "அண்ணனுக்கு ஒடம்பு சரியில்லயா?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.

மறுநாள் பட்டறை பூட்டியிருந்தது. அதற்கு மறுநாளும். போன் மணி அடிப்பது பூட்டிய பட்டறைக்குள்ளேயே கேட்டது. நாலாவது நாள் ராணி அக்கா வேறு வண்டியைப் பேசி வரச் சொல்லிவிட்டார் என்று தெரிந்தது. நான் டொக்கண்ணனைத் திட்டாத திட்டு இல்லை. எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தையெல்லாம் ரெண்டு நாளில் தீர்ந்துவிட்டது. கடன் வாங்கித் திட்டினேன்.

செல்விதான், "ஏங்க, அந்த மனுசன் பயந்து ஓடுற ஆளா? கல்யாணப் பந்தல்லயே ஓடல" என்றாள். நான் கேட்கவில்லை.

ஆறாவது நாள் மத்தியானம் பட்டறை வாசலில் ஒரு டிராக்டர் வந்து நின்றது. பின்னால் டிரெய்லரில் கயிறு போட்டுக் கட்டிய ஒரு கேபின். அதே கம்பெனி, அதே மாடல். கேபினுக்குள் டிரைவர் சீட்டில் டொக்கண்ணன். ஸ்டியரிங்கை ரெண்டு கையாலும் பிடித்திருந்தார். அவருக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. வழியெல்லாம் டிராக்டர் வளையும்போது இவரும் ஸ்டியரிங்கை வளைத்து, ஜன்னல் வழியாகக் கை காட்டிக்கொண்டே வந்தாராம். எல்லையில் போலீஸ்காரர்கள் சிரித்தார்களே தவிர நிறுத்தவில்லை. பிராந்தி மலிவான காரைக்காலை விட்டு வெளியே போகிற வண்டியைத்தான் பாட்டில் இருக்கிறதா என்று குடைவார்கள். உள்ளே வருகிறவன் எதற்கு வருகிறான் என்று அவர்களுக்குத் தெரியும்.

"எங்கண்ணே போனீங்க?" கோபமாகக் கேட்கத்தான் நினைத்தேன். குரல் வேறு மாதிரி வந்தது.

"உப்புக் காத்து இல்லாத ஊருக்கு. மன்னார்குடிக்கு அந்தாண்ட. ஒரு கடை விடாமத் தட்டிப் பாத்தேன். இது அப்பளம் ஏத்துன வண்டிடா. தண்ணி பட்டாச் சரக்கு போச்சு இல்லையா? அதனால மழையில வண்டிய வெளில எடுத்ததே இல்லையாம். தட்டு, தட்டிப் பாரு."

தட்டினேன். டிங் என்றது, வெண்கலம் மாதிரி.

"செத்தவன் சட்டைன்னீங்களேண்ணே?"

"செத்தவன் சட்டைதான். ஒனக்கு அளவா இருக்கே, என்ன பண்றது?"

அவர் டீ குடிக்கப் போனபோது டிராக்டர்காரர் என்னிடம் சொன்னார். "கடைக்காரரு இந்தக் கேபின ஒரு ஆளுக்குச் சொல்லி வச்சிட்டாருங்க. தர மாட்டேன்னுட்டாரு. இவரு அங்கயே ஒக்காந்துட்டாரு. மூணு நாளு. அவரு வீட்டு கேட்டு, கொல்லக் கதவு, ஒடுங்கிப்போன தண்ணித் தொட்டி, எல்லாத்தையும் தட்டி நிமித்திக் குடுத்தாரு. கடைசீல அந்த வீட்டம்மாவே, 'குடுத்து அனுப்புங்க, எனக்குக் காது வலிக்குது'ன்னுட்டாங்க."

படகு ஏற்றுகிற சங்கிலியைப் போட்டுக் கேபினைத் தூக்கி இறக்கினோம். எட்டுப் பேர் பிடித்தோம். அதில் நான் பிடித்ததைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். போல்ட் ஓட்டை ரெண்டு ஒரு விரல் தள்ளி நின்றது. அண்ணன் அடியில் படுத்து ஒரு முழு நாள் வேலை செய்து சேர்த்தார். மட்கார்டில் அப்பளக் கம்பெனிக்காரன் எழுதியிருந்த 'நாலே நொடியில் பொரியும்' என்ற வாசகத்தை அழிக்க மட்டும் நேரமில்லை. அப்படியே எஃப்.சி.க்குப் போனோம்.

இன்ஸ்பெக்டர் எங்களைப் பார்த்ததும் பத்தடி தள்ளி நின்றுகொண்டார்.

"மொதல்ல நீயே கதவத் தொற."

திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அவர் கிட்டே வந்து பேனாவால் கதவைத் தட்டினார்.

"பேனாவுக்குக் கேக்காது சார்" என்று டொக்கண்ணன் இடுப்பிலிருந்து சுத்தியலை எடுத்து நீட்டினார்.

இன்ஸ்பெக்டர் சுத்தியலைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, வாங்கித் தட்டினார். டிங். தலையை லேசாகச் சாய்த்தார். இன்னொரு தரம் தட்டினார். அந்த ரெண்டாவது தட்டு அரசாங்கத்துக்காக இல்லை. அவர் ஆசைக்குத் தட்டியது.

கையெழுத்துப் போட்டுவிட்டு மெதுவாகக் கேட்டார். "அந்த ஜீப்பு மட்கார்டு... நெஜமாவே தாங்காதா?"

"நாளைக்குப் பட்டறைக்கு அனுப்புங்க சார்."

"தகரத்துல பண்ணுய்யா."

ராணி அக்கா பேசிவைத்த வண்டிக்காரர் ஒரு வாரத்தில் ரெண்டு நாள் எழுந்திருக்காமல் தூங்கிவிட்டாராம். அக்கா தானாகவே திரும்பி வந்தார். ஏறி உட்கார்ந்து, பல வருடத்துக்கு அப்புறம் ரெண்டு காலையும் தரையில் வைத்தார். மிதித்துப் பார்த்தார். "பரவால்லயே" என்றார். அவர் வாயிலிருந்து அது வருவது பெரிய விஷயம்.

ஆனால் டொக்கண்ணனுக்கு என்மேல் நம்பிக்கை இல்லை. இந்தக் கேபினையும் நான் உப்புக்குத் தின்னக் கொடுத்துவிடுவேன் என்று பயம். அதனால் ஒரு சட்டம் போட்டிருக்கிறார். மார்க்கெட்டில் மீன் இறக்கியதும் நேராகப் பட்டறைக்கு வரவேண்டும். நல்ல தண்ணீர் விட்டுக் கேபினைக் கழுவித் துடைத்த பிறகுதான் வீட்டுக்குப் போகலாம். தெருக் குழாயில் காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். அது வரும்வரை நான் எதிர் டீக்கடையில் காத்திருப்பேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன்.

கழற்றிப் போட்ட அந்த ஃபைபர் கேபின் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதைப் படகுக்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, இதை ஏன் வீணாக்குகிறீர்கள், இதில் ஒரு—

"டேய்! கொழாயில தண்ணி வந்துருச்சு! எந்திரிச்சு வாடா!"

டொக்கண்ணன்தான். போன வாரம் நான் வருவதற்குள் ரெண்டு வாளியையும் தனியாகத் தூக்கிவிட்டார். அப்புறம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து, நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும், மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பது மாதிரி நின்றார். வானம் வெறிச்சென்று இருந்தது. நானும் கூடவே அண்ணாந்து பார்த்து, "வரும்போலத்தாண்ணே இருக்கு" என்றேன்.

கேபின் கிடக்கட்டும். முதல் வாளியை நான் போய்ப் பிடிக்கவேண்டும்.